விடாத இருமலும் அலர்ஜியும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

காய்ச்சல் போய்விட்டது, சளியும் குறைந்துவிட்டது, ஆனால் இருமல் மட்டும் நிற்கவில்லை. பகலெல்லாம் ஓடியாடி விளையாடும் பிள்ளை, இரவில் படுத்த சிறிது நேரத்தில் இருமத் தொடங்குகிறது. மருந்துக் கடையில் ஒரு சிரப் வாங்கிக் கொடுக்கிறோம். அது கேட்கவில்லை என்றால் வேறொரு சிரப், அதற்கு அடுத்து ஆன்டிபயாடிக். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. நம்மில் பல குடும்பங்கள் பார்த்திருக்கும் நிலை இது.

இப்படி நீளும் இருமல்களில் கணிசமானவை கிருமியால் வருபவை அல்ல. அலர்ஜி என்று நாம் சொல்லும் ஒவ்வாமையால் வருபவை. காரணம் வேறாக இருப்பதால்தான் கிருமியைக் கொல்லும் மருந்துக்கும், இருமலை அடக்கும் மருந்துக்கும் அது கட்டுப்படுவதில்லை. அலர்ஜி இருமலை எப்படி அடையாளம் காண்பது, வீட்டில் என்ன மாற்ற வேண்டும், எந்த மருந்து எதற்கு, எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இருமல் ஏன் வருகிறது?

இருமல் ஒரு நோயல்ல. நுரையீரலைக் காக்க உடலில் உள்ள ஏற்பாடு அது. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள நரம்பு முனைகள் தூசி, புகை, சளி போன்றவற்றை உணர்ந்ததும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. உடனே மார்பும் வயிறும் இறுகி, உள்ளே உள்ள காற்று வேகமாக வெளியே தள்ளப்படுகிறது.

பெரியவர்களுக்கு வரும் இருமலை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். 3 வாரத்துக்குள் சரியாவது குறுகிய கால இருமல். 3 முதல் 8 வாரம் வரை நீடிப்பது இடைப்பட்டது. 8 வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட இருமல். குழந்தைகளுக்கு 4 வாரத்தைத் தாண்டினாலே நாள்பட்டதாகக் கொள்வார்கள். சாதாரண சளிக்குப் பின் வரும் இருமல் மருந்தில்லாமலே 2 அல்லது 3 வாரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

அலர்ஜி எப்படி இருமலாகிறது?

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே. அதற்குப் பின்னால் இருக்கும் ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புப் புரதத்தை 1966-ல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அடையாளம் கண்டனர். அதே காலத்தில் சுவீடன் ஆய்வாளர்களும் அதைக் கண்டறிந்தார்கள்.

பெரும்பாலோருக்கு எந்தக் கெடுதியும் செய்யாத தூசியை, சிலரின் உடல் எதிரியாக எண்ணி ஐஜிஇ புரதத்தை உண்டாக்குகிறது. இந்தப் புரதம் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ‘மாஸ்ட் செல்’ என்ற அணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும. மீண்டும் அதே தூசி உள்ளே போகும்போது அந்த அணுக்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. அதனால் அரிப்பும் வீக்கமும் நீர்வடிதலும் ஏற்படுகின்றன. இது இரண்டு வழிகளில் இருமலாகிறது.

முதலாவது, மூக்கு வழி. மூக்கில் ஊறும் நீர் முன்பக்கமாக வழிவதோடு, தொண்டையின் பின்புறமாகவும் இறங்குகிறது. படுக்கும்போது இது கூடுதலாக இறங்கித் தொண்டையை உறுத்தும். ‘தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டே இருக்கிறது’ என்று அடிக்கடி கனைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டாவது, மூச்சுக்குழாய் வழி. அலர்ஜியால் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சுருங்குகிறது. இது ஆஸ்துமா. மூச்சு வாங்குவதும் ‘வீசிங்’ சத்தம் கேட்பதும்தான் ஆஸ்துமா என்று பலர் எண்ணுகிறார்கள். எந்தச் சத்தமும் இல்லாமல் வறட்டு இருமல் மட்டுமே அறிகுறியாக வரும் ஆஸ்துமாவும் உண்டு. விடியற்காலையில் மூச்சுக்குழாய் இயல்பாகவே சற்றுச் சுருங்குவதால், இத்தகையவர்கள் இரவின் பிற்பகுதியில் இருமி எழுகிறார்கள்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது. எனவே இருமலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு, மூக்கைக் கவனிக்காமல் விட்டால் பலன் அரைகுறையாகவே இருக்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

கீழ்க்காணும் அறிகுறிகளில் பல சேர்ந்து இருந்தால் அலர்ஜி இருமலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

• காய்ச்சல் இல்லாமல், பெரும்பாலும் வறட்டு இருமலாக வருவது.
• காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், மூக்கடைப்பு.
• கண், மூக்கு, அண்ணம், காது ஆகியவற்றில் அரிப்பு.
• பிள்ளை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.
• வீட்டைப் பெருக்கும்போது, பரணில் ஏறும்போது, பழைய துணிப் பெட்டியைத் திறக்கும்போது அதிகமாவது.
• ஓடினால், சிரித்தால், அழுதால், குளிர்காற்று பட்டால் இருமல் வருவது.
• ஊர் மாறினால் குறைவதும், வீடு திரும்பினால் மீண்டும் வருவதும்.
• குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, மூக்கு அலர்ஜி, கரப்பான் எனப்படும் தோல் அழற்சி இருப்பது.

அலர்ஜி என்று முடிவு செய்யும் முன்

எல்லா இருமலையும் அலர்ஜி என்று ஒதுக்கிவிடுவதும் ஆபத்து. மருத்துவர் முதலில் சிலவற்றை விலக்கிப் பார்ப்பார். அவற்றை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

காசநோய்: நம் நாட்டில் 2 வாரம் அல்லது அதற்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் அறிவுரை. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, சளியில் இரத்தம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’: தமிழ்நாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் சொல் இது. பிள்ளைகளுக்கு முதன்முதலாக வரும் காசநோய்த் தொற்றைக் குறிப்பது. ஆனால் அடிக்கடி சளி பிடித்து இருமும் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பெயர் சூட்டப்படுவதும் உண்டு. ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டும் இருமல் நிற்காத பிள்ளைக்கு உண்மையில் இருந்தது ஆஸ்துமா என்று பிறகு தெரியவரும். எனவே காசநோய் மருந்து தொடங்கச் சொன்னால், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் என்று கேளுங்கள். எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, சளி அல்லது இரைப்பை நீர்ப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதே சமயம் காசநோய் உறுதியானால் மருந்தை ஒரு நாள்கூட விடாமல் முடிக்க வேண்டும்.

‘ஈஸ்னோபீலியா’: இதுவும் நமக்குப் பழகிய சொல். இரத்தத்தில் ஈஸினோபில் என்ற வெள்ளணுக்கள் கூடியிருப்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். அது நோயின் பெயரல்ல, ஒரு தடயம். அலர்ஜியாலும் கூடும், வயிற்றுப் பூச்சியாலும் கூடும். யானைக்கால் நோய்ப் புழுவால் வரும் ஒருவகை நுரையீரல் நோயில் இந்த அணுக்கள் 3,000-க்கும் மேல் எகிறும். இரவில் கடும் இருமல் இருக்கும். அதற்கு டைஎத்தில் கார்பமசின் என்ற தனி மருந்து இருக்கிறது. மூன்றுக்கும் சிகிச்சை வேறுவேறு என்பதால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மாத்திரை வாங்கக் கூடாது.

இரத்த அழுத்த மாத்திரை: எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். வீட்டுப் பெரியவர்கள் இருமினால் அவர்களின் மாத்திரைப் பெட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது. அவர் வேறு வகைக்கு மாற்றித் தருவார்.

நெஞ்செரிச்சல்: இரைப்பை அமிலம் மேலே ஏறுவதும் நாள்பட்ட இருமலுக்கு ஒரு காரணம். இரவு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு அதிகம்.

சிறு குழந்தைக்குத் திடீரென இருமல்: நன்றாக இருந்த குழந்தை விளையாடும்போதோ சாப்பிடும்போதோ திடீரெனப் புரையேறி இருமத் தொடங்கி, பிறகும் விடவில்லை என்றால் நிலக்கடலை, விதை, பொம்மைத் துண்டு போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நம் வீட்டில் இருமலைத் தூண்டுபவை

இவற்றில் இரண்டு வகை உண்டு. அலர்ஜியை உண்டாக்குபவை ஒன்று. அலர்ஜி இல்லாவிட்டாலும் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுபவை மற்றொன்று. இரண்டையும் குறைக்க வேண்டும்.

தூசி உண்ணி: வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரி. அளவு சுமார் கால் மில்லிமீட்டர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் உணவு. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே அது வாழ்கிறது என்பதால் கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதற்கு மிகவும் ஏற்றது. இலவம் பஞ்சு மெத்தை, பழைய தலையணை, கம்பளம், துணிச் சோபா, பஞ்சுப் பொம்மை ஆகியவை அதன் இருப்பிடங்கள். அதன் கழிவில் உள்ள புரதமே அலர்ஜியைத் தூண்டுகிறது.

தொழுகை விரிப்பும் இந்தப் பட்டியலில் சேரும். ஸஜ்தாவில் நெற்றியும் மூக்கும் விரிப்பில் படிவதால் அதில் உள்ள தூசி நேராக மூச்சில் ஏறுகிறது. தொழும்போது மட்டும் தும்மலும் இருமலும் வருகிறது என்பவர்கள் முதலில் விரிப்பைத் துவைத்துப் பார்க்கலாம்.

கரப்பான் பூச்சி: அதன் எச்சமும் உதிர்ந்த உடல் பகுதிகளும் வலுவான அலர்ஜிப் பொருட்கள். அடுப்படி அலமாரி, பழைய அட்டைப் பெட்டி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

பூஞ்சை: மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவர், குளியலறை, சுத்தம் செய்யாத ஏசி.

பூனை: நம் வீடுகளில் பலரும் அன்போடு வளர்ப்பது. அலர்ஜியைத் தருவது அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். இது காற்றில் நீண்ட நேரம் மிதக்கும். வீட்டில் பூனை இருந்தால் எல்லாருக்கும் அலர்ஜி வரும் என்பதில்லை. பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் விலகியிருந்தால் போதும். குறைந்தபட்சம் படுக்கையறைக்குள் விடாமல் இருக்கலாம்.

மகரந்தம்: ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல மரத்தின் மகரந்தமும், பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் மூக்கு அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் காரணமாகின்றன.

புகையும் வாசனையும்: கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, பகூர் புகை, சிகரெட், விறகடுப்பு, தாளிப்புப் புகை, நெடியுள்ள அத்தர், ஸ்பிரே ஆகியவை எரிச்சலூட்டுபவை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட கொசுவர்த்திச் சுருள்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கணக்கிட்டது. பிள்ளை இருமும் வீட்டில் கொசுவலையே நல்லது. வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால், இருமல் உள்ளவர் இருக்கும்போது தவிர்த்துவிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

முழு வீட்டையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நாம் படுக்கையில் இருப்பதால் படுக்கையறையிலிருந்து தொடங்குவோம்.

1. தலையணை உறை, விரிப்பு, போர்வை, தொழுகை விரிப்பு ஆகியவற்றை வாரம் ஒரு முறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். அந்தச் சூட்டில் உண்ணி சாகும். வெந்நீர் தாங்காத துணிகளை நல்ல வெயிலில் காயப் போடுங்கள். வெயிலில் உண்ணி குறைந்தாலும் கழிவு அப்படியே இருக்கும் என்பதால், வெயிலில் போடுவதோடு நிறுத்தாமல் துவைக்கவும் வேண்டும்.
2. பழைய பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, தூசி புகாத உறை போடுங்கள்.
3. பஞ்சுப் பொம்மைகளைப் படுக்கையிலிருந்து அகற்றுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்தால் உண்ணி சாகும்.
4. துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடையுங்கள். அலர்ஜி உள்ளவர் அந்த நேரத்தில் அறையில் இருக்க வேண்டாம். அவரே செய்ய வேண்டியிருந்தால் முகக்கவசம் அணியட்டும்.
5. ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். ஆண்டு முழுவதும் ஏசியில் வாழும் வளைகுடாக் குடும்பங்களுக்கு இது மிகவும் அவசியம். மணற்புயல் நாட்களில் சன்னல்களை அடைத்து வைத்து, வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
6. பள்ளிவாசல்களில் கம்பளங்களை வாக்குவம் கிளீனரால் அடிக்கடி சுத்தம் செய்யும்படி நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளலாம். அலர்ஜி உள்ளவர் துவைத்த மெல்லிய துணி ஒன்றைக் கொண்டுபோய் விரித்துக்கொள்ளலாம்.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு எல்லாவற்றையும் பிள்ளைக்கு நிறுத்திவிடுவது நம் வழக்கம். காற்றில் வரும் தூசியால் உண்டாகும் இருமலுக்கு இந்த உணவுகள் காரணமல்ல. குறிப்பிட்ட ஓர் உணவைச் சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் அதை மட்டும் தவிர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணமில்லாமல் பட்டியல் போட்டு நிறுத்தினால் பிள்ளையின் ஊட்டச்சத்துதான் குறையும்.

மருந்துகள்: எது எதற்கு?

ஆன்டிஹிஸ்டமின்: தும்மல், அரிப்பு, மூக்கில் நீர் ஆகியவற்றுக்கு நல்ல பலன் தரும். பழைய வகையான குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தரும். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. லோராடடின், பெக்ஸோபெனடின் போன்ற புதிய வகைகளில் தூக்கம் மிகக் குறைவு. செட்ரிசின் சிலருக்குச் சற்றுத் தூக்கம் தரும். பெக்ஸோபெனடினைப் பழச்சாற்றுடன் சாப்பிட்டால் அதன் பலன் குறையும். தண்ணீருடன் சாப்பிட வேண்டும். ஆஸ்துமா இருமலுக்கு இவை மட்டும் போதாது.

மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே: புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை. மூக்கு அலர்ஜிக்கு மிகுந்த பலன் தருபவை இவையே. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். இரண்டு நாளில் பலன் இல்லை என்று நிறுத்தும் தவற்றைப் பலர் செய்கிறார்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் அடிக்க வேண்டும். மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகப் போக இது உதவும். மூக்கில் இரத்தம் வருவது குறையும்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து: ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின். உடனே மூக்கைத் திறந்துவிடும். ஆனால் 5 நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். பிறகு அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வரும்.

உப்பு நீரால் மூக்குக் கழுவுதல்: பக்கவிளைவு மிகக் குறைந்த, நல்ல வழி. கொதிக்க வைத்து ஆறிய நீரை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

மாண்டிலுகாஸ்ட்: லெவோசெட்ரிசினுடன் சேர்த்து நம் ஊரில் அதிகம் எழுதப்படும் மாத்திரை. சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்பதால் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் இதற்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. இதைச் சாப்பிடும் பிள்ளையின் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை: பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன். கடும் ஆஸ்துமாவில் உயிர் காப்பவை. ஆனால் மருந்துக் கடையில் ‘இரண்டு நாளில் நின்றுவிடும்’ என்று கொடுக்கும் மாத்திரைப் பொட்டலத்தில் இவை இருக்கக்கூடும். அடிக்கடி சாப்பிட்டால் சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு, பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு ஆகியவை வரும். சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது.

ஆன்டிபயாடிக்: அலர்ஜிக்கும் சாதாரண சளிக்கும் இதனால் எந்தப் பயனும் இல்லை.

இன்ஹேலர் பயம் வேண்டாம்

‘இன்ஹேலர் பழகிவிட்டால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது’, ‘பெண் பிள்ளை இன்ஹேலர் வைத்திருப்பது தெரிந்தால் நாளை சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்கள்’ என்றெல்லாம் அஞ்சி அதை மறைப்பவர்களும் நிறுத்துபவர்களும் நம்மிடையே உண்டு. இந்தப் பயத்தால் பிள்ளைகள் அவசர சிகிச்சைப் பிரிவு வரை போக நேரிடுகிறது.

இன்ஹேலர் போதைப் பொருளல்ல. கணக்கைப் பாருங்கள்: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் 40-ல் ஒரு பங்கு. வயிறு, இரத்தம் என்று சுற்றாமல் நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் இவ்வளவு குறைந்த மருந்தே போதுமானதாகிறது.

இன்ஹேலரில் இரண்டு வேலை உண்டு. சால்பியூட்டமால் சுருங்கிய குழாயை உடனே விரிக்கும், வீக்கத்தைக் குறைக்காது. புடெசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் வீக்கத்தைக் குறைத்து, மறுபடி வராமல் தடுக்கும். சால்பியூட்டமாலை மட்டும் வைத்துக் காலம் தள்ளக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல் வலியுறுத்துகிறது. இருமல் நின்றதும் தடுப்பு இன்ஹேலரை நாமாக நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பும். அளவை எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

ஸ்டீராய்டு இன்ஹேலரால் பிள்ளையின் உயரம் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கட்டுப்படாத ஆஸ்துமாவால் தூக்கம், படிப்பு, விளையாட்டு, சில நேரம் உயிரே பறிபோவதுடன் ஒப்பிட்டு இதை எடைபோட வேண்டும். கர்ப்பிணிகளும் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்ஸிஜன் குறையும்.

பிள்ளைகளுக்கு ‘ஸ்பேசர்’ என்ற குழாயுடன் கொடுக்க வேண்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு முறை மெதுவாக மூச்சு வாங்கச் செய்து, பிறகே அடுத்த முறை அழுத்த வேண்டும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் வாயில் வெண்படை வரும். சாதாரணத் திணறலுக்கு ஸ்பேசருடன் கொடுக்கும் மருந்து நெபுலைசருக்கு நிகராகவே வேலை செய்கிறது.

இருமல் சிரப்: எச்சரிக்கை தேவை

2022-ல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் குழந்தைகள் இதே போல் இறந்தனர். அவர்கள் குடித்த இருமல் சிரப் தமிழ்நாட்டில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை நச்சு கலந்திருந்தது. இதையடுத்து மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம், 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்றும், 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது.

கலப்படம் இல்லாத சிரப்பும் அலர்ஜியைக் குணப்படுத்துவதில்லை. இருமலைச் சிறிது நேரம் மறைக்கும், தூக்கத்தைத் தரும், அவ்வளவுதான். மூத்த பிள்ளைக்கு எழுதிய சிரப்பை இளைய பிள்ளைக்குக் கொடுப்பது, பாதி மீந்ததை அடுத்த மழைக்காலம் வரை வைத்திருப்பது ஆகிய பழக்கங்களை இன்றோடு விட்டுவிடுவோம்.

கைவைத்தியம் எந்த அளவுக்கு?

தேன்: ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்குத் தூங்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் தொண்டை உறுத்தல் தணியும். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குச் சிறிதும் கொடுக்கக் கூடாது. ‘பொட்டுலிசம்’ என்ற கொடிய நச்சு நோய் வரக்கூடும்.

வெதுவெதுப்பான நீர், சுக்குக் கஷாயம், மிளகு மஞ்சள் பால் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே ‘புரோம்ஹெக்சின்’ என்ற சளி மருந்து உருவானது. ஆனால் ஆடாதோடையைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். கருஞ்சீரகத்தை உணவின் அளவில் சேர்த்துக்கொள்வதில் தடையில்லை. அதை நம்பி இன்ஹேலரை நிறுத்துவது கூடாது.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று ஆறுதல். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து பிள்ளைகளுக்குத் தீக்காயம் ஏற்படுவதால் சிறுவர்களுக்கு வேண்டாம். கற்பூரம், தைலம் போன்றவற்றை 2 வயதுக்குக் கீழ் தடவ வேண்டாம்.

நோன்பு காலத்தில்

ரமலானுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்து நேரங்களை மாற்றிக்கொள்வது நல்லது. தடுப்பு இன்ஹேலரைப் பெரும்பாலும் ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் என இரு வேளையாக அமைத்துவிடலாம். அலர்ஜி மாத்திரையை இரவில் ஒரு வேளை எடுத்தால் போதும். பகலில் இன்ஹேலர் பயன்படுத்தினால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. உங்கள் நிலையை விளக்கி ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் மூச்சுத் திணறும் நேரத்தில் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. நோன்பு திறந்ததும் எண்ணெயில் பொரித்ததை நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சலும் அதனால் இருமலும் கூடும்.

பரிசோதனைகளும் தடுப்பு ஊசியும்

5 அல்லது 6 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு ‘ஸ்பைரோமெட்ரி’ என்ற ஊதும் பரிசோதனை மூலம் ஆஸ்துமாவைக் கண்டறியலாம். எந்தப் பொருளால் அலர்ஜி என்று அறிய தோலில் சொட்டு வைத்துக் கீறும் பரிசோதனையோ, இரத்தத்தில் ஐஜிஇ பரிசோதனையோ செய்வார்கள். தோல் பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும். பரிசோதனையில் வரும் நீண்ட பட்டியலைப் பார்த்து அஞ்ச வேண்டாம். உண்மையில் அறிகுறி தருவது எது என்பதே முக்கியம்.

அலர்ஜிப் பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையை 1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் அறிமுகப்படுத்தினார். 3 முதல் 5 ஆண்டுகள் தொடர வேண்டும். தூசி உண்ணி போன்ற ஓரிரு பொருட்களால் மட்டும் அவதிப்படுபவர்களுக்குப் பலன் தரும். அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால் அவசர வசதி உள்ள இடத்தில், அனுபவமுள்ள மருத்துவரிடம் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குவது.
• உதடு, நகம் நீலமாவது.
• குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுவது. பால் குடிக்க முடியாமல் போவது.
• சால்பியூட்டமால் கொடுத்தும் குறையாமல் இருப்பது, அல்லது சிறிது நேரத்தில் மீண்டும் திணறுவது.
• இருமலில் இரத்தம்.
• ஏதேனும் உணவு, மருந்து அல்லது பூச்சிக்கடிக்குப் பின் திடீர் இருமலோடு உடல் தடிப்பு, முகவீக்கம், மயக்கம் வருவது. இது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. அட்ரினலின் ஊசி உடனே தேவை. 108-ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும் முன்

இரண்டு வாரத்துக்கு ஒரு சிறிய குறிப்பு எழுதுங்கள். இருமல் எந்த நேரத்தில் வருகிறது, அப்போது எங்கே இருந்தோம், என்ன செய்தோம், இரவில் எத்தனை முறை எழுந்தோம், எந்த மருந்துக்குக் குறைந்தது என்ற விவரங்கள் போதும். இதுவரை சாப்பிட்ட மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். இருமும்போது அலைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுத்துக் காட்டினாலும் உதவும். மருத்துவரிடம் நோயின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்ஹேலர் எழுதித் தந்தால் அவர் முன்பே ஒரு முறை பயன்படுத்திக் காட்டி, முறை சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அலர்ஜிக்கான தன்மையை முற்றிலும் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் அதனால் வரும் இருமலை ஏறக்குறைய முழுமையாகக் கட்டுப்படுத்த முடியும். சரியான சிகிச்சை கிடைத்த பிள்ளை இரவு முழுவதும் தூங்கும், பள்ளிக்கு விடுப்பு எடுக்காது, மற்ற பிள்ளைகளைப் போல ஓடி விளையாடும். உங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் வாரக்கணக்கில் நீடித்தால், அடுத்த சிரப்பை வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.